104.5 மீற்றர் என்றால் எத்தனை அடி?

2022 பெப்ரவரி 7, காலை

தூரமோ ஆள் உயரமோ, தமிழில் எழுதும்போது மீற்றரையும் அடியையும் எப்போதும் சேர்த்தே எழுத வேண்டும். இது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

நேற்று பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கீ ஜம்பிங் (பனிமேட்டில் சறுக்கி வந்து காற்றில் தாவும் போட்டி) தங்கத்தை ஜப்பானின் ரியோயு கொபயாஷி எடுத்தார். முதல் தாவல் 104.5 மீற்றர், இரண்டாவது 99.5. இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். "அது எத்தினை அடி?" என்று கேட்டார். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. நிலம், மரம், சேலை, மழை எல்லாவற்றையும் அடியிலும் அங்குலத்திலும் யார் (மூன்றடி) அளவிலும் படித்தவர். 343 அடி என்றேன். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். அப்புறம், "நல்ல தென்னை ஒண்டு அறுபதடி வரும். ஆறு தென்னையைக் கிடத்தின தூரத்தை ஒருத்தன் காத்திலயே தாண்டுறானே?" என்றார். 104.5 என்று நான் சொன்னபோது அந்த முகத்தில் ஒன்றும் அசையவில்லை, 343 என்றதும் தென்னை விழுந்தது.

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பகுதிநேரமாக விளையாட்டுச் செய்திகளைத் தமிழாக்குகிறவன் நான். பனியைக் கண்ணால் காணாத வாசகர்களுக்குத்தான் எழுதுகிறேன். ஆகவே இனிமேல் எல்லாத் தூரத்துக்கும் பக்கத்தில் அடி: 104.5 மீற்றர், அதாவது 342 அடி 10.2 அங்குலம்.

பெப்ரவரி 7, இரவு

ஒருவர் கேட்டிருக்கிறார்: அந்த 10.2 அங்குலம் எங்கிருந்து வந்தது? நியாயமான கேள்வி. பகல் முழுக்க மனதில் குடைந்துகொண்டே இருந்தது.

கணக்கில் பிழையில்லை. ஒரு அங்குலம் என்பது மிகச் சரியாக 25.4 மில்லிமீற்றர், 1959 யூலை 1 முதல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆறும் ஒத்துக்கொண்ட அளவு அது. அடி 0.3048 மீற்றர், மைல் 1609.344 மீற்றர், இவற்றிலும் தசமம் முடிவில்லாமல் தொங்கவில்லை. மாற்றும் வழி சுத்தமானது. ஆனால் மாற்ற எடுத்துக்கொண்ட எண்ணைப் பாருங்கள். ஸ்கீ ஜம்பிங்கில் தூரத்தை அரை மீற்றர் கணக்கில்தான் பதிவார்கள். 104.5 உண்டு, 105 உண்டு, 104.7 கிடையாது. அரை மீற்றர் என்பது ஏறக்குறைய 20 அங்குலம். அதாவது அங்கே அளந்தவர் 20 அங்குலப் படியில் அளந்திருக்கிறார், நான் இங்கே மேசையில் இருந்துகொண்டு ஒரு அங்குலத்தின் பத்தில் இரண்டு பங்கைக் கண்டுபிடித்து அவர் பெயரில் எழுதியிருக்கிறேன். யாரும் அளக்காத அளவு அது.

புள்ளியும் அந்தப் படியில்தான் ஓடுகிறது. நேற்று அவர்கள் தாவிய சிறிய மேட்டில் 95 மீற்றரில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் இறங்கினால் தூரத்துக்கு 60 புள்ளி, அதற்கு மேல் மீற்றருக்கு இரண்டு. 104.5 என்றால் 79 புள்ளி. அரை மீற்றருக்கு ஒரு புள்ளி என்று அழகாக ஏறுகிறது. பெரிய மேட்டில் கோடு 125இல், மீற்றருக்கு 1.8 புள்ளி. இதை அடியில் போட்டால் புள்ளிக் கணக்கே வாசகருக்குப் புரியாமல் போகும்.

சரி, 343 அடி என்று திருத்திக்கொள்கிறேன். கட்சி மாறவில்லை, அங்குலத்தை மட்டும் விடுகிறேன்.

பெப்ரவரி 8

நேற்று ஆண்கள் மலையிறக்கப் பனிச்சறுக்கில் சுவிற்சர்லாந்தின் பியட் ஃபொய்ஸ் 1 நிமிடம் 42.69 செக்கனில் தங்கம். பாதை 3,152 மீற்றர் நீளம், தொடக்கம் கடல் மட்டத்திலிருந்து 2,179 மீற்றரில், இறக்கம் 894 மீற்றர். என் விதிப்படி 10,341 அடி, 7,149 அடி, 2,933 அடி என்று எழுதிப் பார்த்தேன். பந்தி முழுக்க எண். வாசிக்கவே அலுப்பாக இருந்தது. அப்பாவிடம் காட்டினேன், அவரும் பேசாமல் திருப்பித் தந்துவிட்டார்.

அப்புறம் அதை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: அந்த வீரர்கள் புறப்படும் இடம் நம் சிவனொளிபாதமலை உச்சியைவிட 64 மீற்றர் தாழ்வு. நல்லதண்ணியிலிருந்து மலையேறுகிறவர்கள் இரவு முழுக்கக் கால் நோக ஏறுவதும் ஏறக்குறைய அதே உயரம்தான், ஆயிரம் மீற்றருக்குக் கிட்ட. அதை ஃபொய்ஸ் இரண்டு நிமிடத்துக்குள் இறங்கிவிட்டார். அப்பா மூன்று முறை மலைக்குப் போனவர். "ரெண்டு நிமிசம்?" என்று இரண்டு தரம் கேட்டார்.

இதில் ஒரு அடிகூட இல்லை. என் கட்சிக்கு இது நல்லதல்ல என்று எனக்கே தெரிகிறது.

பெப்ரவரி 9

கேர்லிங்கில் அடியை மீற்றராக்க வேண்டுமா என்று கேட்டவருக்கு. அந்த விளையாட்டில் கதை தலைகீழ். பனிக்கட்டியில் கல்லைத் தள்ளி நிறுத்தும் வட்டங்களை விளையாடுகிறவர்களே நாலடி, எட்டடி, பன்னிரண்டடி என்றுதான் அழைக்கிறார்கள், ஏனென்றால் ஸ்கொட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஆட்டம். பன்னிரண்டடி வட்டம் 3.66 மீற்றர் விட்டம். "கல் 3.66 மீற்றருக்குள் நின்றது" என்று எழுதினால் அது வேறு ஏதோ விளையாட்டாகிவிடும். பன்னிரண்டடி என்பதை அப்படியே விடுங்கள், ஒரே ஒரு தடவை எவ்வளவு பெரிது என்று சொன்னால் போதும்: ஒரு சின்ன அறையின் அகலம்.

ஐஸ் ஹொக்கியும் பாதி அப்படித்தான். வட அமெரிக்கத் தொழில்முறை மைதானம் 200 அடிக்கு 85 அடி. கோல் வாய் ஆறடிக்கு நாலடி, எங்கே விளையாடினாலும்.

பெப்ரவரி 12

இனி ஆள் உயரம். என் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

மூத்த மகளுக்குப் பதின்மூன்று வயது, பாடசாலையில் வலைப்பந்து விளையாடுகிறாள். போன மாதம் படிவம் ஒன்றில் உயரத்தைச் சென்ரிமீற்றரில் கேட்டிருந்தார்கள். கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்கவைத்து, தலையில் சீஆர் கொப்பியை மட்டமாக வைத்து, பென்சிலால் கோடு கிழித்தேன். பிறகு புறக்கோட்டையில் வாங்கிய தையல் நாடாவைத் தரையிலிருந்து மேலே இழுத்தேன். நாடாவின் நுனியில் இருந்த தகரப் பூண் கோட்டில் சரியாகப் போய் நின்றது. முன்பக்கத்தில் 60 அங்குலம். திருப்பினால் மறுபக்கத்தில் தெரிந்த கடைசிப் பெரிய எண் 150. ஐந்தடி, 150 செ.மீ. என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பாடசாலையில் அளந்து 152 என்று திருத்தினார்கள். உங்கள் அளவுகோல் பிழை என்று ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் வாதாடவில்லை, அவளை மறுபடி நிற்கவைத்து என் கண் முன்னே அளந்தார். 152.5.

வீட்டுக்கு வந்து நாடாவை மேசையில் விரித்து, விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தேன். 150 என்ற எண்ணுக்கும் தகரப் பூண் முடியும் இடத்துக்கும் நடுவில் எண் இல்லாத வெறும் நாடா, ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூட. சின்னக் கோடுகள் மட்டும், எண்ணினால் இருபத்துநாலு. 60 அங்குலம் 152.4. இத்தனை வருடமாக அந்த நாடா உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசிப் பெரிய எண்தான் கடைசி அளவு என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆசிரியைக்கு மறுநாளே மன்னிப்புச் சொல்லி எழுதினேன்.

அடிக்கு 30 செ.மீ. என்று மனக்கணக்குப் போடுகிற எல்லோரும் இதே இடத்தில்தான் ஒரு அங்குலத்தைத் தொலைக்கிறோம். வளர்கிற பிள்ளைக்கு ஒரு அங்குலம் சின்ன விஷயமில்லை.

பெப்ரவரி 12, சற்றுப் பிறகு

மேலே விட்டுப்போனது: 5.10 என்று எழுதாதீர்கள். அலுவலகக் கிரிக்கெட் அணிக்கு ரீசேட் தைக்க எல்லோருடைய உயரத்தையும் எக்செல்லில் போட்டேன். ஐந்தடி பத்து உயரமுள்ளவருக்கு 5.10 என்று அடித்ததும் அது தானாகவே 5.1 ஆகிவிட்டது. தைப்பவர் ஐந்தடி ஒன்று என்று எடுத்துக்கொண்டார். 178 செ.மீ. மனிதருக்கு 155 செ.மீ. சட்டை. ஐந்தடி பதினொன்றை 5.11 என்று போட்டு, அதை யாராவது உண்மையான தசமமாக எடுத்தால் 156 செ.மீ. வரும், ஆளோ 180. அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், பத்து இல்லை. புள்ளி வைக்காமல் "5 அடி 10 அங்குலம்" என்று முழுதாக எழுதுங்கள்.

பெப்ரவரி 13

ஞாயிறு பத்திரிகையில் மணமகன் தேவை, மணமகள் தேவைப் பகுதியை இன்று இதற்காகவே வாசித்தேன். எல்லா உயரமும் அடி அங்குலத்தில். பிள்ளைகளின் கிளினிக் அட்டையில் எல்லாம் சென்ரிமீற்றரில். ஒரே ஆள் பிறக்கும்போது சென்ரிமீற்றர், கல்யாணத்துக்கு அடி.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளிடம் கேட்டேன். அங்கேயும் இப்படித்தான்: சாரதி அனுமதிப்பத்திரத்தில் உயரம் செ.மீ., வாயால் சொல்வது அடி. ஆனால் பனிச்சறுக்குப் பலகை வாங்கப் போனால் கடையில் நீளம் சென்ரிமீற்றரில் மட்டும்தான் எழுதியிருக்குமாம், உன் நாடி வரைக்குமா நெற்றி வரைக்குமா என்று பார்த்து எடுப்பார்களாம். உடம்போடு வைத்துப் பார்ப்பதால் எந்த அலகு என்பது அவளுக்குத் தேவைப்படவில்லை.

அங்குலத்துக்கு மாற்றும்போது எதை இழக்கிறோம் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். 177, 178, 179 மூன்று பேரும் ஐந்தடி பத்தாகிறார்கள். திருப்பி மாற்றினால் மூவரும் 178. போனவர் மூன்று பேர், வந்தவர் ஒருவர். 172, 173 இருவரும் ஐந்தடி எட்டு. அரட்டைக்கு இது போதும். ஸ்கீ ஜம்பிங்குக்குப் போதாது: அங்கே வீரர் பாவிக்கும் பலகையின் நீளம் அதிகபட்சம் அவருடைய உயரத்தின் 145 வீதம், உடல் எடையும் போதுமானதாக இருந்தால். 172 செ.மீ. ஆளுக்கு 249.4 செ.மீ. அவரை ஒரு செய்தியாளர் ஐந்தடி எட்டு என்று எழுதி, இன்னொருவர் அதைத் திரும்ப 173 ஆக்கினால் பலகை ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீண்டுவிடும். போன திங்கட்கிழமை கலப்பு அணிப் போட்டியில் ஐந்து பெண்கள் உடை அளவு பிசகியதற்காகத் தகுதி இழந்தார்கள். அளவு அவ்வளவு கறாராக இருக்கும் இடம் அது.

பெப்ரவரி 19

என் பிழை ஒன்று, பகிரங்கமாகவே திருத்துகிறேன்.

பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா, நோர்வேயில் இருக்கிறார். காலையில் தொலைபேசியில், "இண்டைக்கு அஞ்சு மில் ஓட்டம் இருக்கு, கட்டாயம் பார்" என்றார். லைன் இரைச்சல், மைல் என்று காதில் விழுந்தது. ஐந்து மைல், 8 கிலோமீற்றர் என்று குறிப்பு எழுதி அனுப்பிவிட்டேன். அது 50 கிலோமீற்றர் நெடுந்தூரப் பனிச்சறுக்கு! நோர்வேயிலும் சுவீடனிலும் "மில்" என்றால் 10 கிலோமீற்றர். பழைய சுவீடன் மில் 10.7 கி.மீ. அளவு இருந்தது, மீற்றர் வந்தபோது நீளத்தைப் பத்தாக வெட்டிவிட்டுப் பெயரை வைத்துக்கொண்டார்கள். 50 கிலோமீற்றரை நோர்வேயில் "ஃபெம்மீலா" என்றுதான் சொல்வார்களாம், ஐந்து மில்.

இன்னொரு திருத்தமும் சேர வேண்டும்: இன்று காற்றும் குளிரும் மோசமாக இருந்ததால் அந்தப் போட்டியையே 30 கிலோமீற்றராகக் குறைத்துவிட்டார்கள். ரஷ்யாவின் போல்ஷுனோவ் வென்றார். எட்டு என்று நான் எழுதியது, ஐம்பது என்று இருந்தது, முப்பது என்று நடந்தது.

பெப்ரவரி 20

இரவு முழுக்க அந்த மில் மனதை விட்டுப் போகவில்லை, ஏனென்றால் நம்மிடமும் அதே பொருள் இருக்கிறது. கட்டை. "பஸ்ஸால இறங்கி ரெண்டு கட்டை நடக்கோணும்" என்று அம்மம்மா சொன்னால் இரண்டு மைல். மைல் கல்லுக்குப் பெயர் கட்டை, அதுவே தூரமாகிவிட்டது. புத்தளம், மன்னார், திருகோணமலைப் பக்கம் ஊர்களுக்கே நாலாம் கட்டை, பத்தாம் கட்டை என்று பெயர். வீதியில் கிலோமீற்றர் கல் வந்து எவ்வளவோ காலம். பத்தாம் கட்டையை யாரும் பதினாறாம் கிலோமீற்றர் என்று மாற்றவில்லை, மாற்றினால் பஸ் நடத்துனருக்கே விளங்காது. இப்போது இளம் பிள்ளைகள் சிலர் கிலோமீற்றரையும் கட்டை என்கிறார்கள், சுவீடன்காரர் செய்ததைப் போலவே.

இதை வைத்துப் பார்த்தால் கேர்லிங்கின் பன்னிரண்டடியும் கட்டைதான். வேகச்சறுக்கின் 10,000 மீற்றரும் கட்டைதான். 11ஆம் தேதி சுவீடனின் நில்ஸ் வான் டெர் பூல் அதை 12 நிமிடம் 30.74 செக்கனில் ஓடி உலக சாதனை வைத்தார். 400 மீற்றர் தடத்தில் இருபத்தைந்து சுற்று. "6.2 மைல் போட்டி" என்று எழுதினால் இருபத்தைந்து சுற்று எங்கே போயிற்று? அப்பாவுக்கு நான் சொன்னது: காலிமுகத்திடலை நீளவாக்கில் இருபது தடவை நடக்கிற தூரம், பன்னிரண்டரை நிமிடத்தில்.

மார்ச் 2

இன்று ஏழரை மணி நேர மின்வெட்டு. மெழுகுதிரி வெளிச்சத்தில் மகள்கள் இருவரோடும் மனக்கணக்கு. கிலோமீற்றரை மைலாக்க எட்டால் பிரித்து ஐந்தால் பெருக்கு: 50க்கு 31 சொச்சம், போதும். மீற்றரை அடியாக்க மூன்றால் பெருக்கி அதில் பத்தில் ஒரு பங்கைச் சேர்: 104.5க்கு 345 வருகிறது, உண்மை 343. நூறு மீற்றருக்கு இரண்டடி கூடும் என்று தெரிந்தால் கழித்துவிடலாம். ஆள் உயரத்துக்கு இது எதுவும் வேண்டாம், ஐந்தடி 152 என்ற ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு அங்குலத்துக்கு இரண்டரை கூட்டினால் சரி. இளையவள் இருட்டிலேயே ஐந்தடி ஐந்தை 164.5 என்று சொன்னாள், உண்மை 165.1.

காலையில் அளந்த உயரமும் இரவில் அளந்ததும் ஒத்துவரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒத்துவராதுதான். பகல் முழுக்க நின்று நடந்தால் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டுகள் அமுங்கி ஒரு சென்ரிமீற்றர், சிலருக்கு அதற்கும் மேல், குறையும். படுத்தெழும்பினால் திரும்ப வரும். மனிதனே இப்படி அசையும்போது உயரத்துக்குத் தசமத்தில் இரண்டு தானம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது கோபமே வருகிறது.

மார்ச் 6

இன்று சுவீடனில் வாசலொப்பெத், சேலனிலிருந்து மூறா வரை 90 கிலோமீற்றர் பனிச்சறுக்கு, 1922இல் தொடங்கியது. அண்ணா காலையிலேயே அழைத்து, "ஒன்பது மில்!" என்று அழுத்திச் சொன்னார். இந்த முறை சரியாகவே எழுதினேன். 90 கி.மீ. என்று மட்டும். பக்கத்தில் 56 மைல் போடவில்லை.

ஆக, முதல் நாள் சொன்ன கட்சியை விடுகிறேன். எப்போதும் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டியதில்லை. அளந்தவர் எந்த அலகில் அளந்தாரோ அதை எழுதுவேன். வாசகருக்குக் கைகொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு தடவை மட்டும் மாற்றுவேன், அதுவும் அளந்தவரின் படியைவிட நுணுக்கமாகப் போகாமல். தென்னையோ மலையோ கையில் இருந்தால் அடியைக்கூடத் தேடப் போவதில்லை.

மார்ச் 13

நோர்வேயின் விக்கர்சுண்டில் ஸ்கீ பறத்தல் (இன்னும் பெரிய மேட்டில் நடக்கும் ஸ்கீ ஜம்பிங்) உலகப் போட்டி இன்று முடிந்தது. அதே மேட்டில்தான் 2017இல் ஒஸ்திரியாவின் ஸ்ரெஃபான் கிராஃப்ற் 253.5 மீற்றர் பறந்து உலக சாதனை வைத்தார். அப்பா கேட்பதற்கு முன்பே சொன்னேன்: 832 அடி. அவர் பதினாலு தென்னை என்றார்.

தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் பற்றிக் கேட்டவருக்கு: நம் வலைப்பந்து தர்ஜினி 208 செ.மீ. கணக்குப்படி ஆறடி 9.89 அங்குலம். ஆறடி பத்து என்று எழுதுங்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அது சரி. மகளுக்கு அவரை ஒப்பிட வலைப்பந்து வளையம் போதும்: பத்தடி உயரம், விதிப்புத்தகத்தில் 3.05 மீற்றர். தர்ஜினியின் உச்சந்தலைக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. மகள் கதவு நிலையில் 208இல் ஒரு கோடு கிழிக்கச் சொன்னாள். நிலை அந்த உயரத்துக்குப் போகவில்லை, மேலே சுவரில் கிழித்திருக்கிறோம்.